செயலி உருவாக்கத்துக்கும் சோதனைக்கும் டேப்லெட் தேர்வு: முழுமையான வழிகாட்டி

'என் செயலி போனுக்கு மட்டும்தான்' என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த வழி அடைபட்டு வருகிறது. ஆண்ட்ராய்டு 16-ஐ இலக்காக வைத்து, அதாவது ஏபிஐ 36 (அந்தப் பதிப்பைக் குறிக்கும் எண்) என்று குறிப்பிட்டு, செயலியை வெளியிட்டால், திரையின் குறுகிய பக்கம் 600 டிபியோ (செயலிகள் திரையை அளக்கும் அலகு, படி 4-இல் வருகிறது) அதற்கு மேலோ உள்ள கருவிகளில் நீங்கள் போட்டுவைத்த போர்ட்ரெய்ட் பூட்டு, அதாவது நிமிர்ந்த நிலையிலேயே நிற்கவைக்கும் அமைப்பு, செல்லாது. திரையைத் திருப்பினால் செயலியும் திரும்பும், ஓரத்தைப் பிடித்து இழுத்தால் சுருங்கும். விளையாட்டுகளுக்கு மட்டும் விலக்கு. தற்காலிகமாக விலகிக்கொள்ள கூகுள் ஒரு வழி கொடுத்திருக்கிறது. ஏபிஐ 37-ஐ இலக்காக்கினால் அதுவும் இல்லை.

ஆப்பிள் பக்கமும் இதே கதைதான். 2025-இல் வந்த ஐபேட்ஓஎஸ் 26-இல் செயலிகளை ஜன்னல்களாகத் திறந்து இஷ்டத்துக்கு அளவு மாற்றலாம். 'முழுத்திரையில் மட்டும்தான் ஓடுவேன்' என்று செயலி அடம்பிடிக்க உதவிய பழைய அமைப்பைக் கைவிடப்போவதாகவும் சொல்லிவிட்டார்கள். ஐபோனுக்கென்று எழுதிய செயலியும் முடிந்தவரை ஐபேடில் ஓட வேண்டும் என்பது ஆப் ஸ்டோர் விதிகளில் நெடுநாளாகவே இருக்கிறது.

ஆக, ஒரு டேப்லெட் வேண்டும். எதை வாங்குவது என்று தேடினால் வருவதெல்லாம் படம் பார்க்க எது நல்லது, வரைய எது நல்லது என்ற பட்டியல்கள். சோதனை செய்பவருக்கு அவை பெரும்பாலும் உதவாது. நமக்கு வேண்டியது தராசு மாதிரி ஒரு கருவி. பயனர் கையில் இருப்பது எப்படி நடந்துகொள்ளுமோ அப்படியே நடந்துகாட்ட வேண்டும். அது நமக்குப் பிடித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

படி 1: எழுதவா, சோதிக்கவா?

இந்தக் கேள்வியை முதலில் முடித்துவிடுங்கள். டேப்லெட்டிலேயே செயலி எழுதலாம் என்ற ஆசை பலருக்கு உண்டு. ஆண்ட்ராய்டு செயலி எழுதப் பயன்படும் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் ஓடாது. விண்டோஸ், மேக், லினக்ஸ், குரோம்ஓஎஸ் ஆகியவற்றுக்குத்தான் அது இருக்கிறது. ஆப்பிள் செயலிகளுக்கான எக்ஸ்கோட் மேக்கில் மட்டும். ஐபேடில் உள்ள ஸ்விஃப்ட் பிளேகிரவுண்ட்ஸ் 2021 கடைசியில் வந்த 4-ஆம் பதிப்பிலிருந்து சிறிய செயலிகளை எழுதி ஆப் ஸ்டோருக்கே அனுப்பும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. கற்றுக்கொள்ள அருமையான இடம். பத்து நூலகங்களை (பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்புகளை) இழுத்துக்கொண்டு ஓடும் வேலைத் திட்டத்துக்கு அது தாங்காது.

டேப்லெட் வடிவில்தான் எழுத வேண்டும் என்றால் இன்டெல் அல்லது ஏஎம்டி சிப் உள்ள விண்டோஸ் டேப்லெட் ஒன்றே உருப்படியான வழி. அதிலும் 16 ஜிபி ரேமுக்குக் குறைவாகப் போகாதீர்கள். எமுலேட்டரையும் (கணினிக்குள்ளேயே போன் போல நடிக்கும் மென்பொருள்) ஸ்டூடியோவையும் சேர்த்துத் திறந்தால் 8 ஜிபி மூச்சுத் திணறும். ஆர்ம் சிப் உள்ள விண்டோஸ் டேப்லெட்டின் பேட்டரியைப் பார்த்து மயங்கி வாங்கிவிட்டு, ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

மற்றபடி, எழுதுவது மடிக்கணினியில், டேப்லெட் சோதனைக்கு. இனி நான் சொல்வதெல்லாம் அந்தக் கணக்கில்தான்.

படி 2: எமுலேட்டரால் முடிந்ததை அதனிடமே விடுங்கள்

கருவி வாங்கும் முன் எமுலேட்டர் எங்கே கைவிடும் என்று தெரிந்திருக்க வேண்டும். திரை அமைப்பு, உரை வழிதல், இருண்ட தோற்றம், மொழி மாற்றம் இவற்றுக்கெல்லாம் எமுலேட்டரும் ஆப்பிள் பக்கத்தில் அதே வேலை செய்யும் சிமுலேட்டரும் போதும். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவில் அளவு மாற்றக்கூடிய எமுலேட்டர் ஒன்று இருக்கிறது. போன், மடிக்கும் போன், டேப்லெட் என்று ஒரே சொடுக்கில் மாறும். 16 கேபி மெமரிப் பக்க அளவைச் (சிஸ்டம் நினைவகத்தைப் பிரிக்கும் துண்டின் அளவு) சோதிக்கவும் தனிக் கருவி வாங்க வேண்டியதில்லை, அதற்கான எமுலேட்டர் படிமம் கிடைக்கிறது.

ஏமாற்றுவது வேகத்தில்தான். எமுலேட்டர் ஓடுவது உங்கள் கணினியின் சிப்பில். உங்கள் பட்டியல் அங்கே வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு போவதற்குக் காரணம் உங்கள் கணினி, உங்கள் நிரல் இல்லை. சூடேறினால் சிப் வேகத்தைக் குறைப்பது, பின்னணியில் இருக்கும் செயலியை ரேம் போதாமல் சிஸ்டம் கொன்றுவிடுவது, உண்மையான கேமரா, புளூடூத், கை வியர்வையோடு தொடும் தொடுதிரை, இரண்டு கையால் பிடித்தால் கட்டைவிரல் எங்கே எட்டுகிறது என்பது இதெல்லாம் கையில் கருவி இருந்தால்தான் தெரியும். உங்கள் பிரச்சினை இந்த வகையில் இல்லை என்றால் இப்போதைக்கு வாங்காமலே இருக்கலாம். தொலைவில் இருக்கும் உண்மைக் கருவிகளை இணையம் வழியாகத் தரும் சேவைகள் உண்டு. சாம்சங்கின் ரிமோட் டெஸ்ட் லேப், கூகுளின் ஃபயர்பேஸ் டெஸ்ட் லேப் இரண்டும் அப்படித்தான். 'அந்த ஒரு மாடலில் மட்டும் கிராஷ்' என்ற புகாருக்கு இவை கைகொடுக்கும்.

படி 3: உங்கள் பயனர் கையில் என்ன இருக்கிறது?

செயலி ஏற்கெனவே வெளியாகியிருந்தால் யூகம் தேவையில்லை. செயலி வெளியிடுபவருக்கான கூகுளின் தளமான பிளே கன்சோலில் கருவிகள் பற்றிய பகுதியைத் திறந்தால் எந்த ரேம், எந்த ஆண்ட்ராய்டுப் பதிப்பு, எந்தச் சிப்பில் எத்தனை பேர், எங்கே கிராஷ் அதிகம் என்று எல்லாம் பிரித்துக் காட்டும். ஆப்பிளின் ஆப் ஸ்டோர் கனெக்டிலும் கருவி வாரியாகப் பார்க்கலாம். அரை மணி நேரம் அதில் உட்காருங்கள். விளம்பரங்களை வைத்து வாங்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

செயலி இன்னும் வெளியாகவில்லை என்றால், யார் பயன்படுத்துவார்கள் என்று யோசியுங்கள். பள்ளிக் குழந்தைகளுக்கான செயலி என்றால் அது ஓடப்போவது வீட்டில் இருக்கும் மலிவான, இரண்டு மூன்று வருடம் பழைய டேப்லெட்டில். கடைக் கல்லாவில் நிற்கும் பில் போடும் செயலி என்றால் நாள் முழுக்க சார்ஜிலேயே கிடக்கும் நடுத்தரக் கருவி. ஓவியர்களுக்கு என்றால்தான் ஐபேட் ப்ரோவும் கேலக்ஸி டேப் எஸ் வரிசையும். என் கட்சி எப்போதும் இதுதான்: ஒன்றே ஒன்று வாங்க முடியும் என்றால், உங்கள் பயனர்களில் கீழ்ப்பாதியில் இருப்பவர் வைத்திருக்கும் கருவியை வாங்குங்கள். அங்கே ஓடுவது மேலே ஓடாமல் போவது அபூர்வம்.

அப்புறம் ஒரு முக்கியமான பிரிவினை. ஆண்ட்ராய்டு என்று எழுதியிருப்பதெல்லாம் ஒன்றல்ல. அமேசான் ஃபயர் டேப்லெட்டுகளில் ஓடும் ஃபயர் ஓஎஸ் ஆண்ட்ராய்டிலிருந்து பிறந்ததுதான், ஆனால் கூகுள் பிளே சர்வீசஸ் அதில் கிடையாது. கூகுள் வழி அறிவிப்புகள், கூகுள் வரைபடம், கூகுள் வழி கட்டணம் எதுவும் வேலை செய்யாது. ஹுவாவெய் நிறுவனத்தின் புதிய டேப்லெட்டுகளிலும் கூகுள் பிளே சர்வீசஸ் கிடையாது. அந்தக் கடைகளில் செயலியை வெளியிடப்போகிறீர்கள் என்றால் அவற்றில் ஒன்று கட்டாயம் வேண்டும். வெளியிடவில்லை என்றால், மலிவு என்பதற்காக அதைச் சோதனைக்கு வாங்கி, இல்லாத பக்குகளை (நிரல் பிழைகளை) தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

படி 4: அங்குலத்தை மறந்துவிட்டு டிபியைக் கணக்கிடுங்கள்

இந்த ஒரு படிக்காகத்தான் இந்த வழிகாட்டியையே எழுத நினைத்தேன். பெட்டியில் போட்டிருப்பது அங்குலமும் பிக்சலும். உங்கள் செயலிக்குத் தெரிவது இரண்டும் இல்லை. அது பார்ப்பது டிபியை. கணக்கு எளிது: பிக்சலை 160-ஆல் பெருக்கி, கருவியில் அமைத்திருக்கும் அடர்த்தி எண்ணால் வகுக்க வேண்டும்.

கூகுள் பிக்சல் டேப்லெட்டின் திரை 2560-க்கு 1600 பிக்சல், அடர்த்தி 320. அப்படியானால் 1280-க்கு 800 டிபி. 1920-க்கு 1200 பிக்சல் உள்ள ஒரு சாதாரண டேப்லெட்டில் அடர்த்தி 240 என்று இருந்தால் அதுவும் 1280-க்கு 800 டிபிதான். விலை எங்கோ, பிக்சல் எங்கோ, ஆனால் உங்கள் திரை அமைப்புக்கு இரண்டும் ஒன்றே. அதனால் திரை அமைப்பைச் சோதிக்க மட்டும் உயர்ந்த தெளிவுத்திறனுக்குப் பணம் கொட்ட வேண்டாம்.

கூகுளின் அடிப்படை மூன்று வகைப்படி அகலம் 600 டிபிக்குக் கீழே என்றால் குறுகியது, 600 முதல் 840-க்குக் கீழ் வரை நடுத்தரம், 840-உம் அதற்கு மேலும் விரிந்தது (இன்னும் அகலமான திரைகளுக்குப் பின்னர் சேர்த்த வகைகளை இங்கே விரிந்ததிலேயே சேர்த்திருக்கிறேன்). பழைய வழக்கில் 600 என்பது 7 அங்குல டேப்லெட்டுக்கும் 720 என்பது 10 அங்குலத்துக்கும் எல்லை. 2012-இல் வந்த நெக்ஸஸ் 7-இன் குறுகிய பக்கம் 800 பிக்சல், அடர்த்தி 213. கணக்குப் போட்டால் 601 டிபி. கோட்டைத் தாண்டி ஒரே ஒரு டிபி!

ஒருமுறை 8 அங்குல டேப்லெட் ஒன்றை வாங்கி, இடப்பக்கம் பட்டியலும் வலப்பக்கம் விவரமும் வரும் இரட்டைப் பலகத்தைச் சோதிக்க உட்கார்ந்தேன். பலகம் பிரியவே இல்லை. போனில் வருவது போலவே ஒற்றைப் பட்டியல், அகலமாக இழுபட்டு நின்றது. நிரலில் தவறு என்று நினைத்து அரை நாள் தோண்டினேன். கடைசியில் ஏடிபி ஷெல்லில் (கணினியிலிருந்து கருவிக்குக் கட்டளை அனுப்பும் வசதி) 'டபிள்யூஎம் டென்சிட்டி' (wm density) கட்டளையைப் போட்டுப் பார்த்தால் 240 என்றது. குறுகிய பக்கம் 800 பிக்சல். 800-ஐ 160-ஆல் பெருக்கி 240-ஆல் வகுத்தால் 533. அந்தக் கருவி தன்னை ஒரு பெரிய போன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. சரி, பார்ப்போம் என்று அமைப்புகளில் திரை அளவைச் 'சிறியது' என்று மாற்றினேன். அடர்த்தி இறங்கியது, டிபி 600-ஐத் தாண்டியது, இரட்டைப் பலகம் வந்தது. வந்த கையோடு செயலி கிராஷும் ஆனது. எந்த வரியையும் தேர்ந்தெடுக்காத நிலையில் விவரப் பலகம் எதைக் காட்டுவது என்று நான் எழுதவே இல்லை.

எரிச்சலாக இருந்தாலும் அந்த டேப்லெட்டை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. எல்லைக்கோட்டில் நிற்கும் கருவியைப் போல பக்குகளைப் பிடித்துத் தருவது வேறில்லை.

ஆனால் முதல் கருவியாக எது என்று கேட்டால் 11 அங்குலம் அளவில் ஒன்றைத்தான் சொல்வேன். படுக்கை வசத்தில் 1280 டிபி என்றால் விரிந்த வகை. நிமிர்த்திப் பிடித்தால் 800, நடுத்தரம். படுக்கை வசத்தில் திரையை இரண்டாகப் பிரித்தால் பாதிக்கு ஏறத்தாழ 640, அதுவும் நடுத்தரம். பிரிப்புக் கோட்டை நகர்த்திச் சிறிய துண்டில் உங்கள் செயலியை வைத்தால் குறுகிய வகைக்கே வந்துவிடும். ஒரே கருவியில் மூன்றும் கிடைக்கும். அடர்த்தியையும் அதே கட்டளையால் மாற்றிப் பார்க்கலாம். முடிந்ததும் 'ரீசெட்' போட மறக்காதீர்கள், அடுத்த நாள் எழுத்தெல்லாம் எறும்பு போலத் தெரிகிறதே என்று குழம்ப வேண்டியிருக்கும்.

திரையோடு சேர்ந்த இன்னொரு சங்கதி இயல்பு நிலை. போனுக்கு இயல்பு நிலை நிமிர்ந்திருப்பது. பல பெரிய டேப்லெட்டுகளுக்குப் படுத்திருப்பது. அதாவது சுழற்சி கோணம் பூஜ்யம் என்று கருவி சொல்லும்போது அது லேண்ட்ஸ்கேப்பில் இருக்கும். பூஜ்யம் என்றால் போர்ட்ரெய்ட் என்று நம்பி எழுதிய கேமரா நிரலில் முகம் 90 டிகிரி சாய்ந்து படுத்துக்கொண்டிருக்கும். சாய்த்து விளையாடும் விளையாட்டில் பந்து மேலே போகச் சொன்னால் பக்கவாட்டில் ஓடும். கேமராவோ சாய்வு உணரியோ பயன்படுத்தும் செயலி என்றால், இயல்பு நிலை லேண்ட்ஸ்கேப்பாக உள்ள டேப்லெட்டாகப் பார்த்து வாங்குங்கள். கூடவே 60 ஹெர்ட்ஸ் திரையே போதும். 120 ஹெர்ட்ஸ் கண்ணுக்குக் குளிர்ச்சி, சோதனைக்கு அவசியமில்லை. நீங்கள் அசைவூட்டத்தையே தொழிலாகச் செய்பவர் என்றால் மட்டும் பாருங்கள்.

படி 5: பதிப்பும் அப்டேட்டும்

பெட்டியில் என்ன ஆண்ட்ராய்டு என்று பார்ப்பதோடு நிற்காதீர்கள், அடுத்து எத்தனை பதிப்புகளுக்கு உறுதி கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பிளே ஸ்டோர் ஒவ்வொரு ஆண்டும் குறைந்தபட்ச இலக்கு ஏபிஐயை உயர்த்துகிறது. 2025 ஆகஸ்ட் 31 முதல் புதிய செயலிகளும் அப்டேட்டுகளும் ஆண்ட்ராய்டு 15-ஐயோ அதற்குப் பிந்தையதையோ இலக்காகக் கொள்ள வேண்டும் என்று ஆனது. இலக்கு மாறும்போது நடத்தை மாறும். 15-ஐ இலக்காக்கினால் உங்கள் திரை மேல் பட்டைக்கும் கீழ்ப் பட்டைக்கும் அடியில் விரியும், பொத்தான் ஒளிந்துகொள்ளும். ஆனால் இந்த மாற்றங்கள் அந்தப் பதிப்பு ஓடும் கருவியில்தான் தெரியும். ஆண்ட்ராய்டு 13-லேயே நின்றுவிட்ட டேப்லெட்டில் எத்தனை முறை ஓட்டினாலும் தெரியாது.

வரப்போகும் பதிப்பை முன்கூட்டியே பார்க்க வேண்டும் என்றால் பிக்சல் டேப்லெட்டுக்கு ஒரு தனி வசதி உண்டு. கூகுளே அதற்கான மென்பொருள் படிமங்களை வெளியிடுகிறது. பீட்டாவை ஏற்றலாம், பிடிக்கவில்லை என்றால் பெரும்பாலும் பழையதற்குத் திரும்பலாம். மற்ற பிராண்டுகளில் இந்தச் சுதந்திரம் குறைவு. ஆனால் ஒரே கருவி வைத்திருப்பவர் பூட்லோடரைத் (கருவி எழும்போது எந்த மென்பொருள் ஓடலாம் என்று பார்க்கும் பூட்டு) திறக்க வேண்டாம். திறந்தால், கருவி நம்பகமானதா என்று கூகுள் பார்க்கும் பிளே இன்டெக்ரிட்டி சோதனையில் கருவி தேறாது, பணம் சம்பந்தப்பட்ட செயலிகள் ஓட மறுக்கும். அப்புறம் உங்கள் செயலியின் உள்நுழைவு தோற்பது நிரலில் உள்ள தவறாலா, பூட்லோடராலா என்று தெரியாமல் தவிப்பீர்கள்.

படி 6: சிப், ரேம், சேமிப்பு

இதில் அதிக நேரம் செலவிட மாட்டேன். ரேம் 4 ஜிபி என்பது சோதனைக்கு நல்ல எண்: குறைவாக இருப்பதால் பின்னணிச் செயலிகள் சாகும், உங்கள் செயலி மீண்டு வருகிறதா என்று தெரியும். தினமும் கையில் வைத்துச் சோதிக்கப்போகிறீர்கள் என்றால் 6 அல்லது 8. விளம்பரத்தில் '12 ஜிபி ரேம்' என்று போட்டு, கீழே பொடி எழுத்தில் 4 கூட்டல் 8 என்றிருந்தால் அது 4 ஜிபிதான். மீதி எட்டும் சேமிப்பிலிருந்து கடன் வாங்கியது. அதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

சேமிப்பு 64 ஜிபிக்குக் கீழே வேண்டாம். எத்தனை ஜிபி என்பதைவிட எந்த வகை என்பதைப் பாருங்கள். ஈஎம்எம்சி வகை மெதுவானது, யூஎஃப்எஸ் வேகமானது. நாளுக்கு ஐம்பது தடவை செயலியை ஏற்றி இறக்குபவருக்கு இந்த வித்தியாசம் கையில் தெரியும். விளையாட்டு எழுதுபவர்கள் கிராஃபிக்ஸ் சிப்பைப் பார்த்து வாங்க வேண்டும்: அட்ரீனோ வகைச் சிப்பில் சரியாக வந்த ஷேடர் (திரையில் நிறத்தையும் ஒளியையும் தீட்டும் நிரல்) மாலி வகைச் சிப்பில் கறுப்பாக வருவது புதிதல்ல. உங்கள் போனில் அட்ரீனோ இருந்தால் டேப்லெட்டை மாலியில் எடுங்கள், செலவில்லாமல் இரண்டும் கிடைத்துவிடும்.

படி 7: என்னவெல்லாம் இல்லை என்று பாருங்கள்

போனில் இருப்பதெல்லாம் டேப்லெட்டிலும் இருக்கும் என்று நினைத்தே நாம் நிரல் எழுதுகிறோம். மலிவான டேப்லெட்டுகளில் கைரோஸ்கோப் இருக்காது, திசைகாட்டி இருக்காது, கைரேகை உணரி இருக்காது. வைஃபை மட்டும் உள்ள சிலவற்றில் ஜிபிஎஸ் கிடையாது. ஐபேடுகளில் என்எஃப்சி வழி டேக் படிக்க முடியாது, அதிர்வு மோட்டாரும் கிடையாது. நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த அதிர்வு அங்கே வெறும் மௌனம். வைஃபை ஐபேடில் ஜிபிஎஸ் இல்லை, சிம் போடும் ஐபேடில் உண்டு.

இதிலிருந்து எதிர்த்திசையில் வரும் ஒரு முடிவு: சோதனைக்கு, வசதிகள் குறைந்த டேப்லெட்டே நிறையச் சொல்லிக்கொடுக்கும். உணரி இல்லை என்ற பதில் வந்தால் உங்கள் செயலி கௌரவமாக ஒதுங்குகிறதா, காலியான திரையைக் காட்டுகிறதா? வரைபடம், உடற்பயிற்சி, ஆக்மென்டட் ரியாலிட்டி போல அந்த உணரியே செயலியின் உயிர் என்றால்தான் அது உள்ள கருவியைத் தேட வேண்டும். கூகுளின் ஆக்மென்டட் ரியாலிட்டி வசதியான ஏஆர்கோர் என்றால் அதன் ஆதரவுப் பட்டியலில் அந்த மாடல் இருக்கிறதா என்று வாங்கும் முன் பாருங்கள். காணொளி ஓடும் செயலி என்றால், படங்களைத் திருட்டிலிருந்து காக்கும் கூகுளின் பூட்டான வைட்வைனில் எல்1 நிலை இருக்கிறதா என்று பாருங்கள். எல்3 மட்டும் இருந்தால் அந்தப் பூட்டுள்ள படங்கள் உயர் தரத்தில் வராது.

இங்கேயே ஒரு பொறியையும் சொல்லிவிடுகிறேன். மேனிஃபெஸ்ட்டில் (செயலிக்கு என்னென்ன வேண்டும் என்று சொல்லும் கோப்பு) கேமரா அனுமதி கேட்டால், 'கேமராவும் ஆட்டோஃபோகஸும் கட்டாயம் வேண்டும்' என்று பிளே ஸ்டோர் தானாகவே பொருள்கொள்ளும். ஆட்டோஃபோகஸ் இல்லாத டேப்லெட்டுகளில் உங்கள் செயலி தேடினாலும் வராது. அழைப்பு தொடர்பான அனுமதி கேட்டால், சிம் இல்லாத டேப்லெட்டுகள் அத்தனையும் போச்சு. அந்த அம்சங்களைக் 'கட்டாயமில்லை' என்று வெளிப்படையாகக் குறிக்க வேண்டும். கேபிள் வழியாக நேரடியாக ஏற்றிச் சோதிக்கும்போது இது தெரியவே தெரியாது. பிளே ஸ்டோரின் சோதனைத் தடத்தில் ஏற்றி, அந்த டேப்லெட்டில் கடை வழியாக நிறுவிப் பார்த்தால்தான் தெரியும்.

படி 8: ஐபேட் என்றால்

ஐபேடில் குழப்பம் குறைவு. மாடல்கள் கொஞ்சம், எல்லாவற்றுக்கும் திரை விகிதம் கிட்டத்தட்ட ஒன்று, ஒரு பாயின்டுக்கு (டிபி போன்ற ஆப்பிளின் அலகு) இரண்டு பிக்சல் என்பதில் மாற்றமில்லை. 6-ஆம் தலைமுறையிலிருந்து மினியின் குறுகிய பக்கம் 744 பாயின்ட், 10-ஆம் தலைமுறை ஐபேடில் 820, 12.9 அங்குல ப்ரோவில் 1024. சாதாரண ஐபேடே பெரும்பாலோருக்குப் போதும். ஆப் ஸ்டோருக்கு 13 அங்குல ஐபேடின் ஸ்கிரீன்ஷாட்டுகள் கேட்கிறார்களே என்று பெரியதை வாங்கிவிடாதீர்கள், அந்தப் படங்களைச் சிமுலேட்டரில் எடுத்துக்கொள்ளலாம்.

சாதாரண ஐபேட் போதாத இடம் ஒன்று உண்டு. 2025-இல் வந்த ஏ16 சிப் ஐபேடில் ஆப்பிள் இன்டெலிஜென்ஸ் கிடையாது. கருவியிலேயே ஓடும் மொழி மாதிரியை உங்கள் செயலி பயன்படுத்தினால் ஏ17 ப்ரோ உள்ள ஐபேட் மினி, எம் வரிசைச் சிப் உள்ள ஐபேட் ஏர் அல்லது ஐபேட் ப்ரோ வேண்டும். லைடார் (ஒளியால் தூரம் அளக்கும் உணரி) வேண்டுமென்றால் ப்ரோதான்.

கையில் வந்ததும் மேக்கில் இணைத்து, ஐபேடின் தனியுரிமை அமைப்புகளில் டெவலப்பர் பயன்முறையை இயக்க வேண்டும். இது ஐபேட்ஓஎஸ் 16 முதல் கட்டாயம். கட்டணம் இல்லாத கணக்கில் ஏற்றிய செயலி 7 நாளில் திறக்காமல் போகும், மறுபடி ஏற்ற வேண்டும். சோதனைப் பதிப்புகளை அனுப்ப ஆப்பிள் தரும் டெஸ்ட்ஃபிளைட் வழியாக அனுப்பினால் 90 நாள் தாங்கும். ஐபேடின் பதிப்பு புதிதாகவும் எக்ஸ்கோட் பழையதாகவும் இருந்தால் இரண்டும் பேசிக்கொள்ளாமல் போகலாம். உங்கள் மேக் எந்த எக்ஸ்கோட் வரை தாங்கும் என்று பார்த்துவிட்டே புதிய ஐபேடுக்குப் போங்கள்.

படி 9: பழையதை வாங்குவதாக இருந்தால்

சோதனைக்குப் பழையது மிக நல்ல யோசனை. ஐபேட்ஓஎஸ் 26 ஓடும் மிகப் பழைய சாதாரண ஐபேட் 8-ஆம் தலைமுறை. 'கீழ் எல்லையில் எப்படி ஓடுகிறது' என்ற கேள்விக்கு அது ஒன்றே பதில் சொல்லிவிடும். ஆனால் விற்பவர் முன்னாலேயே முழுவதும் அழித்து, மறுபடி அமைத்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். நான் ஒரு பழைய ஐபேடை நன்றாக ஓடுகிறதே என்று வாங்கி வந்து, வீட்டில் அழித்தேன். மறுபடி எழுந்ததும் 'இந்தக் கருவி ஒரு நிறுவனத்தின் நிர்வாகத்தில் உள்ளது' என்று திரையில் வந்து நின்றது. எத்தனை முறை அழித்தாலும் அது திரும்ப வரும். கணக்குப் பூட்டும் இப்படித்தான். ஆண்ட்ராய்டிலும் முந்தைய உரிமையாளரின் கூகுள் கணக்குக் கேட்டு நிற்கும். திரையின் ஓரம் லேசாகத் தூக்கியிருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது என்று பொருள். அதை எந்த விலைக்கும் வாங்க வேண்டாம்.

படி 10: முதல் நாள், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள்

உறையைப் பிரித்ததும் பிளே ஸ்டோரின் அமைப்புகளில் 'அறிமுகம்' பகுதிக்குப் போய், கருவி சான்றளிக்கப்பட்டதா என்று பாருங்கள். இல்லை என்றால் அப்போதே திருப்பிவிடலாம். பிறகு பில்டு எண்ணை 7 முறை தட்டி டெவலப்பர் அமைப்புகளைத் திறந்து, யூஎஸ்பி டீபக்கிங்கை (கணினியிலிருந்து கேபிள் வழியாகச் செயலியை ஏற்றிச் சோதிக்க விடும் அமைப்பு) இயக்குங்கள். கணினி கருவியைப் பார்க்கவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் நிறைய உலாவுகின்றன. ஆண்ட்ராய்டு 11 முதல் வைஃபை வழியாகவும் இணைக்கலாம். சில பிராண்டுகள் கேபிள் வழி நிறுவலுக்குத் தனி அனுமதி, தனிக் கணக்கு என்று கேட்கும், அதையும் அன்றைக்கே சோதித்துவிடுங்கள்.

அடுத்து ஷெல்லில் திரை அளவு, அடர்த்தி, ஏபிஐ எண் மூன்றையும் கேட்டு எழுதிவையுங்கள். பெட்டியில் போட்ட ஆண்ட்ராய்டுப் பதிப்பும் ஏபிஐ எண்ணும் பொருந்துகிறதா? பெயர் தெரியாத பிராண்டுகளில் பொருந்தாமல் போவதுண்டு. சிப் 64 பிட் என்றாலும் சிஸ்டம் 32 பிட்டில் ஓடும் டேப்லெட்டுகளும் உண்டு; நேட்டிவ் நூலகம் (சிப்புக்கு ஏற்ப நேரடியாகத் தொகுத்த நிரல்) சேர்த்திருப்பவர்கள் அதையும் பாருங்கள்.

பிறகு உங்கள் செயலியை ஏற்றி, நீளமான ஒரு படிவத்தைப் பாதி நிரப்புங்கள். திரையைத் திருப்புங்கள். திரும்பவும் நிரப்பி, இம்முறை ஒரு புளூடூத் விசைப்பலகையை இணையுங்கள். விசைப்பலகை வருவதையும் ஆண்ட்ராய்டு ஓர் அமைப்பு மாற்றமாகவே எடுத்துக்கொள்ளும். அதைக் கையாளாமல் விட்டிருந்தால் திரை புதிதாகப் பிறக்கலாம், நிரப்பியதெல்லாம் காணாமல் போகலாம். போனில் யாரும் விசைப்பலகை இணைப்பதில்லை என்பதால் வருடக்கணக்கில் ஒளிந்திருக்கும் பக் இது. சுட்டியும் இருந்தால் வலச்சொடுக்கு, உருட்டுச் சக்கரம் இரண்டையும் பாருங்கள். 'செயல்பாடுகளை வைத்திருக்காதே' என்ற டெவலப்பர் அமைப்பை இயக்கிவிட்டு, செயலிக்கும் முகப்புத் திரைக்கும் நாலு முறை போய் வாருங்கள்.

மேசையில் எப்போதும் இணைந்தே கிடக்கும் கருவி என்பதால் பேட்டரியையும் கவனிக்க வேண்டும். 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இருந்தால் இயக்கிவிடுங்கள். சார்ஜில் இருக்கும்போது திரை அணையாமல் வைக்கும் அமைப்பு வசதிதான், ஆனால் ஓஎல்இடி திரையில் வாரக்கணக்கில் விட்டால் உங்கள் செயலியின் மேல்பட்டை நிழலாகப் பதிந்துவிடும். கருவியைக் கையில் எடுக்காமல் கணினித் திரையிலேயே பார்த்து இயக்க எஸ்சிஆர்சிபிஒய் (scrcpy) என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, பக் அறிக்கைக்குப் படம் பிடிக்கவும் அதுவே சுலபம்.

கருவியின் முதுகில் ஒரு துண்டுத் தாளை ஒட்டி, பதிப்பையும் டிபி அளவையும் எழுதிவையுங்கள். பழைய பதிப்புக்காகவே வைத்திருக்கும் ஐபேட் என்றால் தானியங்கி அப்டேட்டை முதல் வேலையாக அணையுங்கள். ஆப்பிள் கையொப்பமிடுவதை, அதாவது நிறுவ அனுமதிப்பதை, நிறுத்திவிட்ட பதிப்புக்கு யாராலும் திரும்ப முடியாது. ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கினால், காலையில் அது புதிய பதிப்போடு விழித்திருக்கும்.